மூன்றாவது காரணம்

கிர்ரென்று அலாரம் அடித்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு ஒரு முறை மங்கி, மறுபடி எரிந்தது.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். டை கட்டிய மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர். அழுக்குப் போர்வைகள் குவிந்த தள்ளுவண்டியோடு ஒரு பணிப்பெண். ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு மூத்தவள். அவள் பக்கத்தில், ஒரு காலத்தில் அளவாக இருந்த சட்டைக்குள் தொளதொளவென்று நின்ற அவள் அப்பா.

கம்பெனிக்காரர் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிப் பார்த்தார். பிறகு கதவிடுக்கில் விரல்களை நுழைத்தார்.

"சார், கையை எடுங்க," என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. "திறந்தா எதிர்ல சுவர்தான் இருக்கும். அதைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க?"

"மூச்சு முட்டுதுங்க."

"முட்டாது. மேல விசிறி ஓடுது பாருங்க. இந்தப் பெட்டிக்குள்ள மூச்சு முட்டிச் செத்தவனை நான் பார்த்ததில்ல. பயந்து போய்க் கதவை நெம்பி விரலை ஒடிச்சுக்கிட்டவங்களை நிறையப் பார்த்திருக்கேன்."

"நீங்க யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்," என்று மூத்தவள் பதில் சொன்னாள்.

"அப்போ சரி பண்ணுங்களேன்."

அப்பா சிரித்தார். "உள்ள மாட்டிக்கிட்டா மெக்கானிக்கும் ஒண்ணுதான், மந்திரியும் ஒண்ணுதான் சார். மேல மோட்டார் ரூமுக்கு ஆள் வரணும். சாவி வெச்சிருக்கறவர் டீயைக் குடிச்சு முடிக்கணும். அதுவரைக்கும் சும்மா நிக்கறதுதான் நம்ம வேலை."

பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா நிற்பது அவளுக்கு எப்போதுமே வராத வேலை.

போன வருடம் இதே கட்டடத்தில்தான் அப்பாவின் ஈரலில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். புற்றுக்கட்டி. அதற்கு விதை போட்டது ஹெபடைடிஸ் பி வைரஸ். அது அவர் உடம்பில் எந்தக் காலத்தில் புகுந்தது என்று அவருக்கே தெரியாது. கட்டி வந்த பிறகுதான் வைரஸ் இருப்பதே தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டின் சாவிக்கொத்து மூத்தவள் கைக்கு வந்தது. எதைச் சாப்பிடலாம், எப்போது தூங்கலாம், யார் வீட்டுக்குப் போகலாம் என்று எல்லாவற்றையும் அவள் தீர்மானித்தாள். அப்பா அவளை "மேனேஜர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

விடிந்ததும், வெறும் வயிற்றில், வைரஸை அடக்கும் மாத்திரையை, ஒரு நாளைக்கு ஒன்று, அவர் உள்ளங்கையில் வைப்பாள். அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போவார். அவள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு பஸ் பிடிக்க ஓடுவாள். அங்கே லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை.

இத்தனை கட்டுக்காவலையும் மீறி, போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் போன் செய்தார். "ஒரு ஸ்கேனையும் எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கேயோ மேலே இரும்புச் சத்தம் கேட்டது. லிஃப்ட் மெதுவாக இறங்கி, இரண்டாவது மாடியில் வாயைத் திறந்தது.

"மிச்சத்துக்குப் படியில போயிடலாம்பா."

"ஏன், இனிமே இது நிக்காது. ஒரு தடவை நின்னா அன்னிக்கு முழுக்க ஒழுங்கா ஓடும்," என்றார் அப்பா. ஆனாலும் அவள் பின்னால் படியில்தான் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று, சுவரில் இருந்த படங்களைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கினார்.

*

டாக்டரம்மாவுக்கு எப்போதும் தூக்கம் போதாத முகம். படத்தை விளக்குப் பலகையில் செருகிவிட்டு நெருங்கிப் பார்த்தார். கதவுக்கு வெளியே யாரோ ஒருவர் டோக்கன் எண்ணைக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த இடம்." பேனாவின் பின்பக்கத்தால் தொட்டார். "சின்னதா ஒரு நிழல். கட்டின்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியும். அதுக்கு அடுத்த வாரம்தான் இடம் கிடைக்கும்."

"திரும்பி வந்துடுச்சா டாக்டர்?" மூத்தவள் கேட்டாள்.

"இப்போ சொல்ல மாட்டேன். ஆனா வரக்கூடிய ஆள்தான் உங்கப்பான்னு ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதை மறப்பதற்கு அவள் படாத பாடு பட்டிருந்தாள்.

"எடுத்த கட்டியைப் பரிசோதனை பண்ணினப்போ, சின்னச் சின்ன ரத்தக் குழாய்க்குள்ளயும் அந்த செல் போயிருந்துச்சு. அது ஒரு காரணம். மிச்சம் இருக்கிற ஈரலும் நல்ல ஈரல் இல்ல. ரொம்ப வருஷமாத் தழும்பு விழுந்து கல்லு மாதிரி ஆனது. புதுசா ஒண்ணு முளைக்க அதுவே போதும். அது ரெண்டாவது. இந்த ரெண்டையும் உங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, என்னாலயும் முடியாது."

அப்பா தலையாட்டினார், பக்கத்து வீட்டுக்காரரின் வியாதியைக் கேட்பதுபோல.

"நம்ம கையில இருந்தது மூணாவது காரணம். வைரஸ். அதை அமுக்கி வெச்சா ஆபத்து குறையும். ஒரேயடியாப் போயிடாது, குறையும். ஆபரேஷனுக்கு அப்புறம் அது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இறங்கியிருந்துச்சு. இப்போ ஏறியிருக்கு." டாக்டர் நாற்காலியைத் திருப்பி அப்பாவை நேராகப் பார்த்தார். "ஐயா, மாத்திரையை நடுவுல விட்டீங்களா?"

"எல்லாம் மேனேஜர் பொறுப்பு," என்று அப்பா மகளைக் காட்டினார்.

"ஒரு நாள்கூட விடல டாக்டர். நான்தான் கையில வைக்கறேன். மாத்திரைப் பட்டை தீர்றதுக்குள்ள அடுத்த பட்டை வாங்கிடுவேன்."

"வெறும் வயித்துலதானே?"

"எழுந்ததும் முதல் வேலையே அதுதான்."

"குடி?"

"இல்ல."

"நாட்டு மருந்து, லேகியம், யாராவது சொன்ன பொடி?"

"எங்க வீட்டுக்குள்ள ஒரு பொடியும் என்னைத் தாண்டி வராது டாக்டர்."

டாக்டர் லேசாகச் சிரித்தார். உடனே சிரிப்பு போய்விட்டது. "வீட்டுல எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கச் சொன்னேனே?"

"பண்ணியாச்சு. எனக்கும் அம்மாவுக்கும் இங்கேயே பார்த்தோம். தம்பி வேற லேப்ல பார்த்துக்கிட்டான். யாருக்கும் இல்ல."

"நல்லது. இருந்திருந்தாலும் எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. சிலருக்குச் சும்மா கவனிச்சுக்கிட்டே இருந்தா போதும். அதையும் நாங்க பார்த்துத்தான் சொல்லணும்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே திரைச்சீலையைத் தவிர ஒன்றுமில்லை.

"அப்போ மாத்திரைதான் கை விட்டுடுச்சுன்னு வெச்சுக்கணும்," என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். "அப்படி நடக்கறது ரொம்ப அபூர்வம். ஆனா ஒழுங்காச் சாப்பிட்டும் ஏறுதுன்னா வேற வழி இல்ல. வேற மாத்திரை தர்றேன். இது சிறுநீரகத்தைக் கொஞ்சம் படுத்தும், அதையும் கவனிக்கணும்."

"டாக்டர்," என்றார் அப்பா.

"சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்து, மூடினார். "இந்த எம்.ஆர்.ஐ. பெட்டிக்குள்ள எவ்வளவு நேரம் படுக்கணும்?"

*

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். மூத்தவளின் போன் அடித்தது. கடை முதலாளி.

"நேத்து ஒரு டீச்சருக்குப் போட்டியே, அந்தக் கண்ணாடி. இடது கண் லென்ஸைத் திருப்பி மாட்டியிருக்க. படிக்கட்டு எல்லாம் சாய்ஞ்சு தெரியுதாம் அந்தம்மாவுக்கு. உனக்கு என்ன ஆச்சு?"

"நாளைக்கு மாத்திடறேன் சார்."

போனை வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் லென்ஸைத் திருப்பி மாட்டியதில்லை. வேறு எதையெல்லாம் திருப்பி மாட்டியிருக்கிறாள்? மாத்திரையை மாடத்தில் வைத்திருந்தாளே, வெயில் பட்டுக் கெட்டிருக்குமோ? மறதியில் காலையில் ஏதாவது ஒரு நாள் டீ கொடுத்த பிறகு கொடுத்தாளோ? ஒவ்வொரு காலையாக மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். எல்லாக் காலைகளும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபட்டது வேறு ஒன்று.

"அப்பா, சாயந்திரம் சாயந்திரம் பழைய ஷெட்டுக்குப் போறீங்களே. எதுக்கு?"

"பசங்க இருக்காங்க. பேசிக்கிட்டு இருப்போம்."

"வெறும் பேச்சா?"

அவர் பஸ் வரும் பக்கம் எட்டிப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்னால், வேலை முடிந்த பிறகு அந்த ஷெட்டில் பாட்டில் திறக்கும் வழக்கம் உண்டு. ஈரலைத் தழும்பாக்கியதில் அதற்கும் பங்கு உண்டு என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. குடிக்கறீங்களா?"

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். எதையோ எடை போடுவதுபோல இருந்தது.

"எப்பவாவது," என்றார்.

எதிரே சிக்னல் மாறி வண்டிகள் புறப்பட்டன. அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை.

"எப்பவாவதுன்னா?"

"எப்பவாவதும்மா. அதான் மாத்திரை வேலை செய்யலபோல. உன் மேல தப்பில்ல. நீ ஒழுங்காத்தான் குடுத்த."

"நான் எண்ணெயை அளந்து ஊத்தறேன். உப்பை அளந்து போடறேன். நீங்க அங்க போய்க் கிளாஸை நீட்டறீங்க." அவள் உறையை மடியில் அறைந்தாள். "ஏம்பா? எங்களை விட்டுட்டுப் போகணும்னு அவ்வளவு ஆசையா?"

"மெதுவாப் பேசு. ஆளுங்க பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்."

பஸ் வந்தது. அவர் ஏறுவதற்குக் கை நீட்டினார். அவள் முன்னால் ஏறிவிட்டாள். ஏறிய பிறகு மனம் கேட்காமல் திரும்பிக் கை கொடுத்தாள். அவர் உள்ளங்கை காய்ந்து, லேசாக இருந்தது.

உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவள் தம்பியைப் பற்றி. "சின்னவனுக்குக் கப்பல் வேலைக்கான மெடிக்கல் எப்போன்னு சொன்னான்?"

"அடுத்த மாசம். இப்போ அவன் கப்பல்தான் முக்கியமா?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

*

அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி திரைச்சீலைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு ஓட்டல்காரர் வீட்டுக்கு மொத்தமாகத் தைக்க எடுத்த வேலை. கூடம் முழுக்கப் பச்சைத் துணி பரவிக் கிடந்தது.

மூத்தவள் எல்லாவற்றையும் கொட்டினாள். நிழல், வைரஸ், புது மாத்திரை, கடைசியில் ஷெட்.

அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். எழுந்து கணவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க, குடிச்சீங்களா?"

"ஆமா."

"என்ன குடிச்சீங்க?"

"என்னன்னா... இருக்கறதை."

"யார் ஊத்தினாங்க?"

"யாராவது ஊத்துவாங்க. விடு."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்றாரு."

"அம்மா, அவரே ஒத்துக்கறாரு."

"நீ சும்மா இரு. ஒரு சொட்டு உள்ள போனாலும் இந்த மனுஷன் தூக்கத்துல லிஃப்ட் ரிப்பேர் பண்ணுவாரு. கேபிளை இழு, பிரேக்கைப் பிடின்னு என்னை அந்தப் பாடு படுத்துவாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் அப்படிப் பேசியிருந்தா எனக்குத் தெரியாதா?" அவள் மறுபடி கணவனைப் பார்த்தாள். "குடிச்சிட்டுக் குடிக்கலன்னு சாதிக்கற ஆம்பளைங்களைப் பார்த்திருக்கேன். குடிக்காம குடிச்சேன்னு சொல்ற ஆளை இப்போதான் பார்க்கறேன். எதை மறைக்க இதைச் சொல்றீங்க?"

அப்பா செருப்பைக் கழற்றினார். துணியை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து அறைக்குள் போனார். கட்டில் முனகியது. எட்டிப் பார்த்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சட்டைக்குள் முதுகெலும்பு தெரிந்தது.

"அப்பா."

அவர் தூங்கவில்லை. மூச்சில் தெரிந்தது.

"அப்பா, உங்களைத் திட்ட மாட்டேன். என்னன்னு சொல்லுங்க. சொன்னாத்தானே டாக்டர்கிட்ட சொல்ல முடியும்? அவங்க தெரியாம மருந்தையே மாத்திட்டாங்களே."

"புது மாத்திரையை நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "இது தவறாது. நான் பார்த்துக்கறேன்."

அவள் கதவு நிலையில் சாய்ந்தாள். வீட்டில் அவள் பூட்டாத அலமாரி இல்லை, அளக்காத டப்பா இல்லை. படுத்திருக்கிற ஒரு மனிதரின் வாயைத் திறக்க அவளிடம் சாவி இல்லை.

அம்மா மறுபடி துணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியைத்தான் தொடவில்லை.

"தனக்காகப் பொய் சொல்ல அவருக்கு வராதும்மா," என்றாள் மெல்ல. "என்கிட்டயும் உன்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டாரு. சின்னவன்கிட்ட சொல்லிக் கேக்கச் சொல்லு. அவன்னா உருகுவாரு."

*

சின்னவன் வேலை செய்யும் ஓட்டலின் பின்வாசலில் முட்டைத் தட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. உள்ளே பாத்திரம் கழுவும் இயந்திரம் திறக்கும்போதெல்லாம் ஆவி வந்து முகத்தில் அறைந்தது.

"நெட்டை, உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு," என்று ஒருவர் அடுப்படியிலிருந்து கத்தினார். "அழகா இருக்காங்க, அதனால உன் சொந்தமா இருக்காது."

"என் அக்காதாண்ணே," என்று சின்னவன் சிரித்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தும் வீட்டில் அவன் சின்னவன்தான். அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போகிறான். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை.

சாயந்திரக் கூட்டத்துக்கு முன்னால் கேரட் வேலை. பலகைக்கு எதிரே நின்று, பேசிக்கொண்டே நறுக்கினான். கத்தி தானாகவே போய் வந்தது.

"என்னக்கா, முகம் இப்படி இருக்கு? முதலாளி வேலையை விட்டுத் தூக்கிட்டாரா?"

"அப்பாவுக்கு ஈரல்ல மறுபடி ஒரு நிழல் தெரியுதுடா."

கத்தி ஓரிடத்தில் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்தது.

"கட்டியா?"

"தெரியல. அடுத்த வாரம் எம்.ஆர்.ஐ. ஆனா வைரஸ் ஏறியிருக்கு. அது ஏறினா கட்டி திரும்ப வர்ற ஆபத்தும் ஏறுமாம். மாத்திரை ஒழுங்காப் போகலையான்னு டாக்டர் கேட்டாங்க. நான் தினமும் குடுக்கறேன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னேன். வெளிய வந்து கேட்டா, குடிச்சேன்னு சொல்றாரு. அம்மா அது பொய்ங்கறாங்க. எனக்குத் தலை வெடிக்குது. நீ கேட்டா சொல்லுவாரு. இன்னிக்கு வந்து..."

சின்னவன் விரலிலிருந்து ரத்தம் பலகையில் சொட்டியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"டேய், கை." அவள் முந்தானையை எடுத்து அவன் விரலைப் பிடிக்கப் போனாள்.

அவன் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். "தொடாத அக்கா."

"ரத்தம் வருதுடா."

"அதான் தொடாதன்னு சொல்றேன்." நறுக்கிய கேரட்டைப் பலகையோடு குப்பையில் தள்ளினான். ஒரு காகிதத் துண்டை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்வாசலுக்கு வெளியே நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். முட்டைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, குட்டையாகிவிட்டவன்போல நின்றான்.

"அன்னிக்கு லேப்ல பார்த்தேன்னு சொன்னேனே. இல்லைன்னு வரல. இருக்குன்னுதான் வந்துச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"உனக்கும் வைரஸா? ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ அன்னிக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்ப. ஆஸ்பத்திரியில எழுதிட்டாங்கன்னா கப்பல் போயிடும். அதுக்குள்ள வைரஸை இறக்கிட்டா மெடிக்கல்ல தெரியாதுன்னு நினைச்சேன். அப்பாகிட்ட மட்டும் சொன்னேன்." அவன் விரலில் சுற்றிய காகிதத்தை இன்னும் இறுக்கினான். "சத்தியமாச் சொல்றேன், அது அவர் சாப்பிட வேண்டியதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

"எதைத் தொட்டிருக்க மாட்ட?"

உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாய்கிட்ட கூப்பிட்டுக் கையில வைப்பாரு. டாக்டர் தனக்கு ரெண்டு ரெண்டா எழுதியிருக்காங்க, ஒண்ணு மிச்சமாகுது, வீணாப் போறதை நீ சாப்பிடுடான்னு சொன்னாரு அக்கா."